புயல் சார் எடுத்த மின்னல்

மழையில் நனையாமலேயே மழைப்படம் போடுகிற ஓர் இனம் உண்டு. உங்கள் கைபேசியில் எத்தனை குழுக்கள் இருக்கின்றனவோ, அத்தனையிலும் அந்த இனத்தார் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். இடி இடித்தால் நாமெல்லாம் ஜன்னலைச் சாத்த ஓடுவோம். அவர் சார்ஜரைத் தேடி ஓடுவார்.

அசல் மாதிரி வேண்டுமென்றால் எங்கள் தெருப் புயல் சாரைப் பாருங்கள். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பெயர் தெரு வைத்தது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். கறுத்துத் திரண்ட மேகம், சாய்ந்து கிடக்கும் விளக்குக் கம்பம், ஆலங்கட்டி விழுந்து நசுங்கிய கார் என்று எங்கோ யாரோ கொட்டும் மழையில் நின்று எடுத்த படம் ஒன்று சிக்கிவிட்டால் போதும், முதல் காரியமாகக் கட்டைவிரலால் அதன் அடிப்பகுதியை வெட்டி, எடுத்தவர் பெயரை வழியனுப்பிவிட்டு, அப்புறம் "எடுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்" என்று உருக்கமாக எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுவார். யாரென்று தெரியாமல் செய்தவரே அவர்தான். ஆனால் வணக்கத்தில் குறை வைக்க மாட்டார்.

ஒருமுறை எதிர்வீட்டு வாத்தியார் கேட்டே விட்டார்.

"சார், எடுத்தவங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"அவர் மட்டும் வானத்துக்கிட்ட அனுமதி வாங்கியா எடுத்தாரு?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? வாத்தியார் தம் வீட்டுக்குள் போய்விட்டார்.

போன வாரம் ஒரு மின்னல் படம் அலுவலகக் குழுவில் வந்து விழுந்தது. வானத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு இறங்குகிற மின்னல். புயல் சார் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அடியில் யார் வீட்டுத் துணிக்கொடியோ, அதில் கட்டம் போட்ட ஒரு சட்டை. அழகைக் கெடுக்கிறதே என்று அதை வெட்டினார். வழக்கமான வணக்கத்தை எழுதப் போனார், கை வரவில்லை. ஆசை யாரை விட்டது? "எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து, நேற்று மாலை" என்று எழுதி, அலுவலகக் குழுவை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, ஏதோ ஒரு குழுவில் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாளிதழின் படப்பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"உங்க மின்னல் படத்த முதல் பக்கத்துல போடலாம்னு இருக்கோம் சார். உங்க அனுமதி வேணும்."

அனுமதி! அந்தச் சொல்லை அவரிடம் அதுவரை யாரும் மரியாதையாகச் சொன்னதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாராளமா போட்டுக்கோங்கம்மா. கீழ என் பேரு மட்டும் தெளிவா வரணும்."

"கண்டிப்பா சார். வெட்டாத மூலப்படத்த சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடுங்க. குழுவுல சுத்தி வந்த பிரதிய நாங்க போடறதில்ல."

அவர் வாய் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. மூலப்படத்துக்கு எங்கே போவது என்று யோசிப்பதற்கு முன்பே முதல் பக்கச் செய்தியை வாத்தியார் முதல் இஸ்திரிக்காரர் வரை சொல்லியாகிவிட்டது. இப்போது படம் வராவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

தேட ஆரம்பித்தார். குழுவில் போட்டது அலுவலகக் காசாளர். அவருக்கு அனுப்பியது அவர் தங்கை. தங்கைக்கு அனுப்பியது உடன் வேலை பார்க்கும் ஒரு பெண். அந்தப் பெண் வேறு யாருமில்லை, புயல் சாரின் சொந்த மச்சினி.

"அக்காதான் அனுப்புனா அத்தான். உங்க வீட்டு மாடியில எடுத்ததாம். உங்களுக்குத் தெரியாதா?"

பொய்யென்று நினைத்து எழுதியது உண்மையாகிப்போனது. அவர் போட்ட படங்களிலேயே இடமும் நேரமும் சரியாக இருந்தது அது ஒன்றுதான். வெட்டி எறிந்த சட்டையும் அவருடையதே. என்ன செய்வது, அதை அலமாரியில் மடித்த நிலையில் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

மனைவி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மின்னல் நீ எடுத்ததாமே. என்கிட்ட ஏன் காட்டல?"

"காட்டத்தான் மாடியிலேர்ந்து ஓடி வந்தேன். புயல் எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதன்னு போன்லேர்ந்து கண்ண எடுக்காமயே சொன்னீங்க."

புயல் சாருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சாயந்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சரி, அத எனக்கு அனுப்பு. பத்திரிகைக்குக் கொடுக்கணும்."

"யார் பேர்ல?"

"நீ வேற நான் வேறயா?"

"துணி துவைக்கறப்ப வேறயாத்தானே இருந்தோம்." தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு நம்பரக் கொடுங்க. நானே பேசிக்கறேன்."

கொடுத்தார். வேறு வழி?

மறுநாள் முதல் பக்கத்தில் மின்னல் முழுசாக இறங்கியிருந்தது, கொடியும் சட்டையும் உட்பட. கீழே மனைவி பெயர். சட்டையைத் தெருவே அடையாளம் கண்டுகொண்டது. புயல் சார் அன்று அலுவலகத்துக்குப் பின்தெரு வழியாகப் போனார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இன்று காலை நீங்கள் போட்ட பனிமூட்டப் படம்கூட அருமையாகத்தான் இருந்தது. யார் எடுத்தது? "எங்கயோ வந்துச்சு" என்று இழுக்கிறீர்களே. ஊரெல்லாம் விசாரிக்க வேண்டாம். எதற்கும் முதலில் உங்கள் வீட்டுக்குள் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.