குட்டையில் இருப்பது மீன்

"கையெழுத்துதானே? 'மீன்'னு எழுது, போடறேன்," என்றார் பன்னீர்செல்வம்.

மதிவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரணியில் பட்டுத்தறிக் குடும்பம் ஒன்றின் முதல் பட்டதாரி அவள், படித்தது விலங்கியல். பண்ணைக்குட்டைகளில் கிடக்கும் தவளை முட்டை, தலைப்பிரட்டை எல்லாம் என்ன இனம் என்று பார்த்து எழுதும் தற்காலிக வேலை. இன்று சாயங்காலத்துக்குள் இந்தக் கடைசிக் குட்டைக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் அதுவும் போச்சு.

"ஐயா, இது தலைப்பிரட்டைங்க. தவளைக் குஞ்சு."

"வெரால் குஞ்சும்மா. டெய்லி புண்ணாக்கு போடறவனுக்குத் தெரியாதா?"

டம்ளரில் ஒன்றை மொண்டு, பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தாள். "வால் பக்கம் பாருங்க. பின்னங்கால்!"

"மீனுக்கு ரெக்கை இருக்காதா?"

"ரெக்கையில வெரல் இருக்குமா?"

"ஒசத்தி ரகம்மா."

முட்டையைக் காட்டினால் வாயடைத்துப்போவார் என்று, கோரை ஓரம் மிதந்த கொழகொழப்பை இரண்டு கையாலும் அள்ளி வந்தாள். கண்ணாடிபோல இருந்த அதில் கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளி.

"ஜவ்வரிசி. எவனோ பாயசத்தக் கொட்டிட்டான்."

ஆத்திரத்தில், பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்டிருக்கக் கூடாது.

"மீனேதான்," என்றார் ஒருவர், எட்டிக்கூடப் பார்க்காமல்.

"தறிக்காரன் பொண்ணுக்குக் குட்டையில இன்னா வேலை? வூட்ல ஆம்பள யாரும் வரலியா?" என்றார் இன்னொருவர்.

"தவளைய பாக்க ஆம்பள எதுக்கு? தவளையே அதக் கேக்கல!" என்றாள் மதிவதனி.

மேலதிகாரி ராஜ்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏம்மா பேஜார் பண்ற? மீனுன்னே எழுதி ஜல்தியா வாங்கிகினு வா."

நாலு பேரும் கைதட்டினார்கள்.

மூன்று வருஷம் வேலூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தது இதற்கா? மதிவதனி பேனாவை மூடினாள்.

"வேலை போனா போவட்டும். தவளைன்னுதான் எழுதுவேன்! ஒரு வாரம் பொறுங்க, உங்க வெரால் மீனு வரப்பு மேல ஏறிப் போவும். ஊரே பாக்கும்!"

பன்னீர்செல்வத்தின் முகம் செத்துப்போனது. மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

அதுவரை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி தேவகி, கிட்டே வந்து மதிவதனியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"கத்தாத கண்ணு, சர்க்கார் காயிதத்துல மீனுன்னு மட்டும் எழுதிக் குடுத்துடு. பொண்ணுக்குச் சீர் குடுக்கறப்ப, மீன்குஞ்சுன்னு ரெண்டு குடம் இதத்தான் தேவிகாபுரத்துச் சம்பந்தி வூட்டுக்கு அனுப்பிட்டோம். நேத்துலேர்ந்து அவுங்க நடுவூட்ல குதிச்சிகினு இருக்குதாம்."