காந்தக்கையன் திரும்பி வந்தபோது ஆனா அண்ணன் பட்ட பாடு

இருபத்திரண்டு வருடம் ஒருவன் வரவில்லையே என்று ஏங்கியவர், அவன் வந்து நின்றதும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்? எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பழைய படக்கதை ரசிகர் என்கிற இனத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் கொஞ்சம் புரிந்தது.

இந்த இனத்தை நீங்கள் சுலபமாக அடையாளம் காணலாம். நல்ல செய்தி சொல்லிப் பாருங்கள், கவலைப்படுவார். அதிலும் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தனி ரகம். எதைப் பற்றிக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பிப்பதால் சக ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆனா அண்ணன்.

நின்றுபோன படக்கதையின் நாயகன் காந்தக்கையனை மறுபடியும் கொண்டுவருகிறோம் என்று பதிப்பகம் அறிவித்த அன்று அண்ணன் அழுதார். ஆனந்தக் கண்ணீர்தான். அரை மணி நேரம் நீடித்தது. அதற்குள் அட்டைப்படம் வெளியாகிவிட்டது. உடனே பூதக்கண்ணாடியை எடுத்து, வாடிக்கையாளரைக் காக்கவைத்து, அட்டையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, கையுறையின் நீலத்தில் பச்சை கலந்திருக்கிறது, தாடை அரை விரல் நீண்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, காந்தக்கையன் சிரிக்கிறான் என்று கண்டுபிடித்தார். காந்தக்கையன் சிரிக்கலாமா? பழைய நூற்றுப் பதினான்கு இதழ்களில் ஒரே ஒரு தடவைதான் சிரித்திருக்கிறான். அதுவும் எதிரி மயக்க மருந்து கொடுத்ததால்.

பதிப்பகத்துக்குப் பதினோரு பக்கக் கடிதம் பறந்தது. இதழ் அப்போது அச்சுக்கே போகவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷமா வரலைன்னு புலம்புனீங்க. இப்ப வந்துட்டான்னு புலம்புறீங்க. அவன் எங்கதான் போவான், பாவம்?"

இதழ் வந்தது. புத்தகக் கடைக்கு மொத்தம் பத்துப் பிரதிகள். அண்ணன் வாங்கவில்லை. நம்பி வாங்கலாமா என்று பார்ப்பதற்காக நின்றுகொண்டே படித்தார். நாளுக்கு நாலு பக்கம், பக்கத்துக்குப் பத்துக் குறை. அருகில் இன்னும் ஒன்பது பேர், ஆளுக்கொரு பிரதி, ஆளுக்கொரு முணுமுணுப்பு. முதலில் வேறு யாராவது வாங்கட்டும் என்பதுதான் பத்துப் பேருடைய திட்டமும்.

சனிக்கிழமை கடைக்காரம்மா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து, எல்லார் கையிலிருந்தும் பிரதிகளைப் பிடுங்கி அடுக்கினார். விற்காததை இன்றைக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். எல்லாக் கடைகளிலும் இதே கதையாம். பெட்டிகள் திரும்பி வந்தால் அடுத்த இதழ் கிடையாது என்று பதிப்பகம் சொல்லிவிட்டதாம்.

"அப்ப காந்தக்கையன்?" என்றார் அண்ணன்.

"அவ்வளவுதான் அண்ணே. கடைசிப் பக்கத்துல கிணத்துல விழுந்தவன், விழுந்தவன்தான்."

அண்ணன் இன்னும் கடைசிப் பக்கத்துக்கு வரவில்லை.

"கிணத்துலயா விழறான்?" என்றார். கடைக்காரம்மா பெட்டிக்கு டேப் ஒட்டினார்.

அடுத்து நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. பத்துப் பேரும் பெட்டி மேல் விழுந்தார்கள். டேப் ஒருவர் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் கையில் மூன்று பிரதிகள் இருந்தன: படிக்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று, குறை குறிக்க ஒன்று. கிடைக்காத இரண்டு பேர், எப்படியாவது வரவழைத்துக் கொடுங்கள் என்று கடைக்காரம்மாவிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். ஒரு வாரம் ஓசியில் படித்தவர்கள்!

மற்ற ஊர்களிலும் பெட்டிகள் இப்படித்தான் கிழிந்தன போலிருக்கிறது. மறுமாதம் இரண்டாம் இதழ் வந்தது. காந்தக்கையன் கிணற்றிலிருந்து ஏறி வந்தான். அண்ணன் முதல் ஆளாக வாங்கி, கடை வாசலிலேயே உட்கார்ந்து படித்து முடித்து, வீட்டுக்கு வந்து, ஓர் 'ஆனா' கூடச் சொல்லாமல் அதை மனைவியின் கையில் வைத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஆசை ஆசையாய்க் காத்திருந்த ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது, வேறு யாராவது முதலில் தொட்டுப் பார்க்கட்டும் என்று நீங்கள் ஒரு நாளும் ஒதுங்கி நின்றதே இல்லையா? நன்றாக யோசித்துவிட்டு, இந்தக் கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள். வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.