தும்மல் கண்டக்டரோட ரெண்டாவது தும்மல்

சீமைக்கருவேலம் பூத்த சேதி ராமநாதபுரம் ஜில்லாவுல முதல்ல தெரியுறது தும்மல் கண்டக்டர் மூக்குக்குத்தான். தேனீக்கே அதுக்குப் பெறகுதான். தேவிபட்டினத்துல இருந்து ராமநாதபுரம் போற மினி பஸ்ஸுல அவரு கண்டக்டர். தெனம் அந்த பஸ்ஸுல போற, பள்ளிக்கூடம் போகாத எனக்கு எண்ணிக்கை படிஞ்சதே அவரு தும்மல்லதான்.

எண்ணித்தான் ஆகணும். டிரைவரு சகுனப் பைத்தியம். தும்மல் ஒத்தப்படையில நின்னா பிரேக்கு. ரெட்டப்படையில முடிஞ்சாத்தான் கியரு.

"ஏழு!"ன்னு பஸ்ஸே கத்தும்.

"இன்னொண்ணு போடுங்கண்ணே, மீனு நாறுது!"ன்னு கூடைக்காரம்மா கெஞ்சும்.

"வந்தா போட மாட்டனாத்தா?"ம்பாரு, கண்ணுல தண்ணி ஊத்த.

பஸ் முதலாளி ஒருநா சொல்லிட்டாரு: "இனி ஒரு தும்மல் கேட்டுச்சு, பையக் கழட்டிக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு."

டாக்டரு அலர்ஜின்னு மூக்குல அடிக்கிற ஸ்பிரே எழுதிக் குடுத்தாரு. நான் சும்மா இருப்பனா? "அண்ணே, நல்லா அண்ணாந்து அடிங்க, அப்பத்தான் உள்ள எறங்கும்"னேன். எறங்குச்சு, தொண்டைக்கு. வேப்பெண்ணெய் குடிச்ச மூஞ்சியோட, "ஏலே, நீ டாக்டருக்குப் படிக்காம விட்டது ஊரு செஞ்ச புண்ணியம்டா"ன்னாரு. மறுநா டாக்டரு சொன்னபடி தலைய லேசாக் குனிஞ்சு ரெண்டு பக்கமும் அடிச்சாரு. அந்த வாரமே மூக்கு அடங்கிருச்சு. பஸ்ஸு நேரத்துக்குப் போச்சு. எண்ண ஒண்ணுமில்லாம எங்களுக்குத்தான் வாய் அரிச்சுது.

ஒருநா காலையில ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சுன்னு போனு. கைலிய ஏத்திக் கட்டிக்கிட்டு ஓடியாரேன், பஸ்ஸு நகந்திருச்சு. முன் சீட்டுல முதலாளி. யாரு ஓடி வந்தாலும் நிப்பாட்டக் கூடாதுன்னு அன்னைக்கு உத்தரவாம். கண்டக்டரு படியில நின்னு என்னையே பாக்குறாரு.

"அச்சு!"

ஒண்ணே ஒண்ணு. பிரேக்கு விழுந்துச்சு. நான் படியில கால வச்சேன்.

"அச்சு!"

ரெண்டு. வண்டி கெளம்பிருச்சு.

அவரு மூஞ்சியப் பார்த்தேன். மூக்குல ஒழுக்கில்ல. கண்ணுல பொட்டுத் தண்ணியில்ல.

ராமநாதபுரத்துல எறங்குறப்ப முதலாளி கைய நீட்டுனாரு. கண்டக்டரு பையக் கழட்டிக் குடுத்துட்டு, "என்னலே வேடிக்கை? போயி பிள்ளையப் பாரு, போ!"ன்னு என்னைய வெரட்டுனாரு. மகளப் பார்த்துட்டு ஓடியாந்தா ஆளக் காணோம். பாம்பன்ல மீன் லாரிக்குப் போயிட்டாருன்னாங்க. அங்கன போயித் தேடியும் கெடைக்கல.

கருவேலம் அதுக்கப்புறம் எத்தனையோ தடவ பூத்திருச்சு. இப்பவும் கூட்டத்துல எங்கனயாச்சும் ஒத்தத் தும்மல் கேட்டா நின்னுருவேன். ரெண்டாவது வாரவரைக்கும் கால் நகராது.