மேரிசெலின் சேற்றில் புரண்ட விபரம்

சில்க்போர்க், டென்மார்க்
புரட்டாதி 1986

பெருமதிப்புக்குரிய பஸ்தியாம்பிள்ளை மாமா அவர்களுக்கு,

மருமகன் பேதுரு பணிவுடன் எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே எனக்குக் குளிரைத் தவிர வேறு குறையில்லை. அங்கே உங்களுக்கு ஷெல் அடியைத் தவிர வேறு குறை வராதிருக்க மன்றாடுகிறேன்.

"பேதுரு கார் ஓட்டத்தை விட்டாத்தான் பிள்ளையை அனுப்புவன்" என்று நீங்கள் சொன்னதாக மேரிசெலின் எழுதியிருந்தாள். விட்டுவிட்டேன், மாமா. இனி அவள் புறப்பட ஒரு தடையுமில்லை. ஆனால் நம்மூர் இன்னாசித்தம்பி இங்கிருந்து ஊருக்கு எழுதிய புதினச் செய்தியில் பாதிதான் உண்மை என்பதால், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என்னோடு தொழிற்சாலையில் நிற்கும் ஓலே என்ற டெனிஷ்காரன், ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றுத் திடலில் பழைய கார்களை வட்டமடித்து ஓட்டிப் பந்தயம் விடுகிறவன். நான் மன்னாரில் லொறி ஓட்டியவன் என்று கேள்விப்பட்டு என்னையும் ஒரு துருப்பிடித்த காரில் ஏற்றிவிட்டான். முதல் வளைவிலேயே ஹோர்ன் அடிக்கத் தேடினேன், அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். சரி, மரியாதையாவது இருக்கட்டும் என்று பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி, ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன், எல்லோரும் போனார்கள். ஓலே தலையில் கை வைத்துக்கொண்டு, "உன்னை ஆர் வழிவிடச் சொன்னது?" என்று கேட்டான். "பின்னாலை வாறவனுக்கு என்ன அவசரமோ" என்றேன். அந்த வருடம் முழுக்கக் கடைசியாகவே வந்தேன்.

பிறகு நம்மூர் லொறிகளைப் போல முகப்பில் பெயர் எழுத ஆசைப்பட்டு, சுற்றிவரப் பூக்கொடி போட்டு 'மேரிசெலின்' என்று இவர்கள் எழுத்திலேயே எழுதினேன். வினை அங்கேதான் தொடங்கியது. அந்தத் திடலில் ஒலிபெருக்கிக்காரன் காரின் பெயரைச் சொல்லித்தான் கத்துவான். "மேரிசெலின் வழுக்குது", "மேரிசெலின் சேத்துக்கை பிரண்டு கிடக்குது" என்று அவன் சொன்னதை, பார்க்க வந்த இன்னாசித்தம்பி அப்படியே ஊருக்கு எழுதிவிட்டார்.

இந்தப் பந்தயத்தில் ஒரு சட்டம் உண்டு, மாமா. ஒருவரும் காருக்கு அளவுமீறிச் செலவழிக்கக்கூடாது என்பதற்காக, பந்தயம் முடிந்ததும் யார் வந்து கேட்டாலும் குறித்த ஒரே விலைக்குக் காரைக் கொடுத்துவிட வேண்டும், மறுக்க முடியாது. வைகாசியில் நான் முதன்முதலாக மூன்றாவதாக வந்தேன். சந்தோசப்பட்டு முடியுமுன் தாடிக்காரன் ஒருவன் வந்து மேரிசெலினைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். பெயரைக்கூட அழிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் அதை ஓட்ட, நான் வேலியோரம் நின்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. பந்தயம் முடிந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் அதே சட்டப்படி திருப்பிக் கேட்டேன்.

"நான் இப்பதானே வாங்கினனான்" என்றான்.

"அது என்ரை மனிசியின்ரை பேர்."

"மனிசி எங்கை?"

நான் காசை எண்ணி நீட்டினேன். பக்கத்தில் நின்ற ஓலேதான், "வருவா" என்றான்.

இப்போது அந்தக் காரை ஓலேயின் மாட்டுக்கொட்டிலில் படங்கு போட்டு மூடிவிட்டேன். அறையில் அவள் வந்தால் உட்கார இரண்டாவது கதிரை வாங்கிப் போட்டிருக்கிறேன். மேரிசெலினுக்குத் தடித்த கோட்டும் தொங்குகிறது. மாமிக்கு என் அன்பு, உங்கள் இருவர் கால்களுக்கும் என் வணக்கம். செபமாலையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
சொல்லுக் கேட்கும் மருமகன்
பேதுரு

பி.கு.: மாமா, ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நான் ஓட்டத்தை விடவில்லை. நாளைக்கும் போகிறேன். வேலை நாட்கள் எப்படியோ போய்விடும். ஞாயிறு பூசை முடிந்து அறைக்கு வந்தால் கதைக்க ஒருவருமில்லை. திடலுக்குப் போனால் பொழுதுபடும் வரைக்கும் ஒருவன் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இந்த நாட்டில் வேறு எங்கும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் விட்டால் அனுப்புவேன் என்கிறீர்கள். நீங்கள் முதலில் அவளை அனுப்புங்கள், மாமா. பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?