சம்பூர்ணம் வீட்டு சோபா

"வெறும் வீட்டைக் காட்டினா எவன் சார் வாங்குவான்?" என்று புரோக்கர் சிவராஜ் கேட்டபோது, கூடத்தின் நடுவே இருந்த தறிக்குழியிலேயே இறங்கிப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது சபாபதிக்கு.

சாமான்களை எல்லாம் முன்யோசனையாகச் சென்னைக்கு, மகள் சங்கரி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மிச்சம் ஒரு பாய், ஒரு அடுப்பு, தறியை விற்ற பிறகு வாயைப் பிளந்துகொண்டிருந்த அந்தக் குழி, சுவரெல்லாம் ஓதம். வந்தவர்கள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். இந்த மாதத்துக்குள் வீடு விற்காவிட்டால், சங்கரி பார்த்து வைத்திருக்கும் ஃப்ளாட் வேறொருவருக்குப் போய்விடும்.

"நாளைக்கு ஒரு பார்ட்டி வராங்க. இந்தத் தெருவுலதான் வீடு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. சோபா, பீரோன்னு நாலு சாமான் போட்டு வெய்யி சார். மீதிய நான் பாத்துக்கறேன்."

சபாபதி குழியைப் பலகை போட்டு மூடினார். இப்போது பலகை அசிங்கமாகத் தெரிந்தது. அதை மறைக்க ஒரு சோபா வேண்டும். அடுத்த வீட்டுச் சம்பூர்ணத்திடம் போய் நின்றார். அவள் மகன் கல்யாணம் திருத்தணியில் நடந்தபோது சபாபதி காலில் மாவுக்கட்டோடு கிடந்தார், போகமுடியவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் இருந்தாலும் மனம் இரங்கினாள்.

"எடுத்துக்கினு போங்கண்ணா. புள்ளையும் மருமகளும் கொடைக்கானல் போயிருக்காங்க. ஆனா எங்க வீட்டுதுன்னு மூச்சு விடக்கூடாது. மருமகளுக்குத் தெரிஞ்சா என் தலை உருளும்."

புது சோபா வந்ததும் சுவரின் ஓதம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மறைக்க பீரோ வந்தது. பீரோ கண்ணாடியில் எதிர்ச்சுவரின் ஓதம் தெரிந்தது. அதற்கு ஃப்ரிட்ஜ் வந்தது. ஆசை யாரை விட்டது? மனைவி நீலாம்பாள் தன் பங்குக்கு எவர்சில்வர் டம்ளர்களையும் அள்ளி வந்தாள்.

மறுநாள் ஆனந்தராஜும் அவர் மனைவி காந்தாவும் வந்தார்கள். காந்தா வாசற்படியிலேயே விக்கித்து நின்றுவிட்டாள். அசந்துபோய்விட்டாள் என்று சபாபதிக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனந்தராஜ் அண்ணாந்து உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காந்தா சோபாவைத் தடவினாள்.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடை பெயரை யார் கேட்டு வைத்தார்கள்?

"கடையில இல்லம்மா. தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு, கொஞ்சம் கஷ்டம். சல்லிசா வித்தாங்க."

"பீரோ?"

"அதுவுந்தான்."

"ஃப்ரிட்ஜ்?"

"எல்லாம் மொத்தமா எடுத்துக்கினேன்மா. பாவம், பார்த்தா கௌரவமான குடும்பம். என்ன கஷ்டமோ!"

காந்தாவின் முகம் கறுத்தது. பொறாமைதான் என்று முடிவுகட்டினார் சபாபதி.

ஆனந்தராஜ் சோபாவில் உட்கார்ந்தார். அடியில் பலகை கிறீச்சிட்டது. சோபாவின் ஒரு கால் குழிக்குள் இறங்க, மனிதர் அப்படியே பின்னால் சாய்ந்தார்.

"புது மாடல் சார்!" என்று பதறினார் சபாபதி. "சாஞ்சுக்கினே டிவி பார்க்கலாம்."

"ரொம்ப சௌகரியமா இருக்குதுபா," என்றார் ஆனந்தராஜ், படுத்தபடியே. "வீடும் புடிச்சிருக்குது. அட்வான்ஸ் என்னைக்கு வெச்சுக்கலாம்?"

சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. சிவராஜ் வாழ்க! நீலாம்பாள் காபி கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள்.

காந்தா காபியைக் குடிக்கவில்லை. டம்ளரைத் திருப்பி, விளிம்பில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அட்வான்ஸ் கெடக்கட்டும், எழுந்திருங்க. பொண்ணுக்குப் பக்கத்துலயே இருக்கலாம்னு இந்தத் தெருவுல வீடு தேடினோமே, மொதல்ல அடுத்த வீட்டுல இருக்கிற சம்பந்தியம்மாவைக் கூப்பிடுங்க. நம்ம ஜோதிகாவுக்குக் குடுத்த சீர் மொத்தத்தையும் இவருக்கு வித்துட்டாங்களாம்!"