வானத்தின் மேல் ஒரு நடை

பொங்கல் கழிந்து வெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையெடுக்கும் நாட்களில் எங்கள் ஊரில் ஒரு வாசனை கிளம்பும். உப்பளத்துப் பாத்திகளில் மழைத்தண்ணீரை வடித்துவிட்டு, புதுச் சீசனுக்காக ஆட்கள் வரிசையாக நின்று கருஞ்சேற்றை மிதிப்பார்கள். மண்ணுக்குள் மழைக்காலம் முழுக்கத் தூங்கிய ஏதோ ஒன்று அப்போது புரண்டு படுத்து ஏப்பம் விடும். அழுகின முட்டை, ஊறின கயிறு, நனைந்த தீக்குச்சி எல்லாம் கலந்த ஏப்பம். ஈ.சி.ஆர். சாலையில் போகிற கார்கள் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும். நான் மட்டும் வாசலில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து என் மனைவி தனம் குரல் கொடுப்பாள்.

"ஏங்க, தீவு வந்துடுச்சி போலக்குது. ஜன்னலச் சாத்துங்க."

உப்பளச் சேற்று நாற்றத்துக்குத் 'தீவு' என்று பெயர் வைத்திருக்கும் குடும்பம் இந்தக் கடற்கரையிலேயே எங்களுடையது ஒன்றுதான். பெயர் வந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

நான் மரக்காணத்துக்காரன். இந்த ஒரே வாக்கியத்தை வைத்து நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறேன். கடலோரத்துக்காரன் என்றதும் எல்லோரும் மீன்குஞ்சு என்று நினைத்துவிடுகிறார்கள். உப்பளத்துக்காரனின் கடலோ கணுக்கால் அளவு. கடலை வாய்க்கால் வழியாக உள்ளே கூட்டிவருவோம். பாத்தியில் உட்காரவைப்போம். வெயிலை ஏவிவிட்டு, அது வெள்ளையாகி மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டோம். அந்தத் தண்ணீரில் நீந்துவதென்றால் நெத்திலியாகப் பிறந்திருக்க வேண்டும். கல்லூரி முடிக்கும்வரை லீவு நாளெல்லாம் அப்பாவோடு உப்பு வாரியிருக்கிறேன். நீச்சல் மட்டும் தெரியாது. (தனத்தைக் காதலித்த காலத்தில், "நீச்சலா? நான் தண்ணியிலயே தூங்குவேன்" என்று சொல்லிவைத்திருந்தேன். காதலிக்கும்போது சொல்வதை யார் பின்னால் வந்து சரிபார்க்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கைதான்.)

தனம் பக்கத்துக் குப்பத்துப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அந்தக் குப்பத்தில் பெண்கள் தொழிலுக்குப் போகும் படகில் கால் வைக்கக்கூடாது. கரையில் நின்று காத்திருக்கலாம், வந்த மீனைக் கூடையில் ஏற்றி விற்கலாம், கடலைத் திட்டலாம். அதற்கு மேல் உரிமை கிடையாது. கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டை அவர்கள் 'பாரு' என்பார்கள். பாருவில் மாட்டி வலை கிழிந்து வரும் நாட்களில், வலையில் சிக்கிய செந்நிற விசிறி போன்ற ஒன்றை அவள் அப்பா மகள் கையில் கொடுப்பாராம்.

"கீழ பெரிய பூந்தோட்டமே இருக்குது புள்ள."

"எப்பிடிப்பா இருக்கும்?"

"நான் எங்க பாத்தேன்? வலைதான் பாத்துட்டு வருது."

வலை பார்த்ததைத் தான் ஒரு தடவை பார்க்க வேண்டும். தனத்துக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். பட்டுப்புடவை, தங்கவளையல் என்று ஏதாவது கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது தீர்த்திருப்பேன். இப்படி ஓர் ஆசையை எந்தக் கடையில் போய் வாங்குவது?

எங்கள் மகள் கயல் வாங்கிவிட்டாள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் கல்யாண நாளுக்கென்று ஒரு வெளிநாட்டுத் தீவுக்குப் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் இரண்டு டிக்கெட். கூடவே அம்மாவுக்கு ஒரு கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் கறுப்பு நீச்சல் உடையும். தனம் ஒரு வாரம் தண்ணீர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பழகினாள். முதல் நாள் அதைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, குடும்பத்தில் ஏதோ தகராறு என்று நினைத்து என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

கப்பல் கிளம்பியது. கடல்காரர் மகள் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். உப்பளத்தான் நான் மூன்று வேளையும் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கப்பல் தீவில் நிற்பது ஒரே பகல். அந்தப் பகலில் ஒருவர் ஒரு சுற்றுலாதான் போகமுடியும். முந்தின நாளே கவுன்ட்டரில் பெயர் கொடுக்க வேண்டும். தனம் படுக்கையிலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னால தல தூக்க முடியல. நீங்களே போய் எழுதிட்டு வாங்க. அடியில பாக்குற டிரிப்பு. வேற எதையாவது பாத்து மயங்கி நின்னுடாதீங்க."

(மயங்கி நிற்பது என் தொழில். நான்கைந்து வரி வசனகவிதை எழுதுகிறவன். மேகம், மின்கம்பி, காயப்போட்ட துணி எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவேன். பாலை அடுப்பில் வைத்து என்னைக் காவலுக்கு நிறுத்துவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.)

கவுன்ட்டரில் சென்னைப் பெண் ஒருத்தி கல்யாண ஆல்பம் மாதிரி ஒரு புத்தகத்தை விரித்தாள். ஆமைக் கடற்கரை, வாசனைத் தோட்டம், அருவிக் குளியல். நான் மனதுக்குள் கண்ணாடித் தரைப் படகைக் குறிவைத்துப் போயிருந்தேன். நனையாமல் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். அது நிறைந்துவிட்டதாம்.

"ஸ்நார்க்கலிங்ல, அதான் குழாய் மாட்டிக் கடலடி பாக்குறது, ரெண்டு சீட் இருக்குது சார். நீந்துவீங்களா?"

"மரக்காணம்மா நாங்க."

"அப்போ பிரச்சினையே இல்ல. போட்ல இருந்து நேரா கடல்ல குதிக்கிறதுதான்."

"குதிக்கணுமா?"

"ஜாக்கெட் குடுப்பாங்க சார்."

"இல்லம்மா, நாமளே குதிக்கணுமா, இல்ல அவங்க பதமா எறக்கி விடுவாங்களா?"

அந்தப் பெண் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே இருந்தது அந்தப் படம்.

வானத்திலிருந்து எடுத்த படம். ரோஜா நிறம், பால் நிறம், மயில்கழுத்து நிறம் எனக் கட்டம் கட்டமாகத் தண்ணீர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு மேகம். நடுவில் தொப்பி போட்ட பெண் ஒருத்தி மேகத்தின் மேல் நடந்துபோகிறாள். 'வானத்தின் மேல் ஒரு நடை' என்று தலைப்பு. அதன் கீழே, 'குனிந்து பாருங்கள், உங்கள் பாதத்தடியில் படிகப் பூக்கள் மலரும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எழுதினது யாரோ நல்ல கை. எனக்கு ஒரு வினாடி பொறாமையாகக்கூட இருந்தது. பாதத்தடியில் பூக்கள்! மாமனார் சொன்ன அதே பூந்தோட்டம்!

"இதுக்கு நீச்சல் வேணாமா?"

"கணுக்கால் தண்ணிதான் சார்."

கணுக்கால்! அந்நிய தேசத்தில் தாய்மொழியைக் கேட்ட மாதிரி உடம்பு சிலிர்த்தது. உடனே இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டேன்.

அறைக்கு வந்து அறிவித்ததும் தனம் இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

"மீன் இருக்குமா?"

"மீனா? வானமே இருக்கும்."

"வானம் நம்ம ஊர்லயே இருக்குது. மீன் இருக்குமான்னு கேட்டேன்."

"இருக்கும், இருக்கும்."

மறுநாள் காலை தனம் கறுப்பு உடையை மாட்டி, மேலே ஒரு நைட்டியும் போட்டு, முகமூடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். தரை ஆடாததால் முகத்தில் களை வந்திருந்தது. வழியெல்லாம் தென்னைமரம். நான் கடலைப் பற்றியும் கண்ணாடி நிலத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டி, என் தமிழுக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

பஸ் நின்றது. கதவு திறந்தது.

முதலில் உள்ளே ஏறியது வாசனை. அழுகின முட்டை, ஊறின கயிறு, நனைந்த தீக்குச்சி.

தனம் எழுந்திருக்கவில்லை. மூக்கை மட்டும் ஒரு தரம் சுருக்கினாள்.

"ஏங்க."

"ம்."

"இது இன்னாங்க?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரப்பு. பாத்தி. வரப்பு. பாத்தி. கரையோரம் ஓலை போட்டு மூடிய வெள்ளைக் குவியல்கள். தூரத்தில் ஒருவர் குனிந்து பலகையால் இழுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் எங்கள் அப்பா.

"உப்பளம்" என்றேன்.

"அது தெரியுது. எதுக்கு வந்திருக்கோம்?"

இன்றுவரை நான் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது ஒன்றுதான்: பிறந்ததிலிருந்து உப்பளத்தை நான் உள்ளே நின்று, குனிந்தே பார்த்திருக்கிறேன். ஒருநாளும் மேலே இருந்து பார்த்ததில்லை. பறவை பார்த்த உப்பளம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. (இதைச் சொன்னபோது கயல், "கவிதையா இருக்குதுப்பா, ஆனா மன்னிக்க முடியாது" என்றாள்.)

சிவப்புத் தொப்பி போட்ட வழிகாட்டி உற்சாகமாகக் கைதட்டி எல்லோரையும் இறக்கினான். ஆளுக்கொரு ஓலைத்தொப்பி, ஆளுக்கொரு உப்பு வாரும் பலகை. "நீங்களே அனுபவித்துப் பாருங்கள்!" என்றான். தனம் பலகையை வாங்கவில்லை. நெற்றியில் முகமூடியோடு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். 

பக்கத்தில் போய், "தனம்" என்றேன்.

"போங்க. போய் மேகத்து மேல நடங்க."

நான் பாத்தியில் இறங்கினேன். வேறென்ன செய்வது? ஒரு மனிதர் பலகையைத் துடைப்பம் மாதிரி பிடித்துச் சேற்றையும் உப்பையும் சேர்த்துக் கலக்கிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. "அப்படியில்லைங்க, சாய்ச்சுப் பிடிங்க, மண்ணைத் தொடக்கூடாது" என்று இழுத்துக் காட்டினேன். உப்பு சரசரவென்று மடிந்து வந்தது. அந்தச் சத்தம்! கால் தானாக அடுத்த அடி வைத்தது, முதுகு தானாக வளைந்தது. பாட்டி கைதட்டினார். நாலு பேர் வீடியோ எடுத்தார்கள். ஒருவர் வழிகாட்டியிடம், இந்தத் தொழிலாளி தினமும் இங்கே இருப்பாரா என்று விசாரித்தார். தொழிலாளியும் விடவில்லை, பாத்தி மூலைவரை வாரிக் குவித்து, வியர்வையைத் துடைத்துப் பெருமையோடு வரப்பைத் திரும்பிப் பார்த்தார்.

வரப்பில் நைட்டி மட்டும் மடித்து வைத்திருந்தது.

தனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. போன் என் பையில். ஊர் பேர்கூட வாயில் நுழையாத தீவு. சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். நான் பலகையைப் போட்டுவிட்டு வரப்பு வரப்பாக ஓடினேன். வழுக்கி விழுந்தது நன்றாக முற்றின உப்புத்தண்ணீரில். முழங்கால் சிராய்ப்பில் அது ஏறியபோது கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது. எழுந்து மறுபடி ஓடினேன். ஒரு மடையைத் தாண்டி, புதர்களைத் தாண்டி மணலில் ஏறினால், எதிரே கடல்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கறுப்பாக ஓர் உருவம் குப்புறக் கிடந்தது. அசைவே இல்லை. அவிழ்ந்த கூந்தல் மட்டும் அலையில் போய்ப்போய் வந்தது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கத்தினேன். ஓடினேன். நீச்சல் தெரியாது என்பது நினைவுக்கு வந்தபோது வாய் நிறையக் கடல் இருந்தது. கால் தரையைத் தேடியது, கை வானத்தைத் தேடியது. யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"எழுந்திரிங்க. இடுப்பளவுதான்."

நின்றேன். இடுப்பளவுதான்.

தனம் மூச்சுக்குழாயை வாயிலிருந்து எடுத்தாள். "தண்ணியிலயே தூங்குவேன்னு சொன்னீங்களே? இப்பிடித்தானா?"

நான் இருமினேன். அது போதுமான பதிலாக இருந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கப்பல் ஏறியதிலிருந்து கேட்காத சிரிப்பு. அழுகையும் இருமலுமாக நானும் சேர்ந்துகொண்டேன்.

"எப்பிடி வந்தே இங்க?"

"உப்பளம் இருந்தா வாய்க்கால் இருக்கும். வாய்க்கால் இருந்தா கடல் இருக்கும். உங்க வூட்டுக்கு வாழ வந்து இதுகூடத் தெரியாதா எனக்கு?"

பிறகு முகமூடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினாள். "பயப்படாதீங்க, காலரைப் புடிச்சிருக்கேன்" என்று தலையை அழுத்தினாள்.

ஆல்பத்தில் போடுகிற மாதிரி எதுவும் இல்லை. ஒரு கட்டில் அகலத்துக்குப் பாறை. அதைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட குட்டி மீன்கள், பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி. பாறையின் விளிம்பில் செந்நிறத்தில் ஒரு விசிறி. யாருக்கோ வீசுவது போல அது ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. மூச்சுக்குழாய் வாயில் இருக்கும்போது உவமை வராது.

தலையைத் தூக்கியபோது தனம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா பொய் சொல்லல" என்றாள்.

பஸ் ஹாரன் அலறிய பிறகுதான் திரும்பினோம். துறைமுகம் வருவதற்குள் உடம்பு காய்ந்து, நான் தலையிலிருந்து கால்வரை வெள்ளை பூத்துப்போயிருந்தேன். பாட்டி என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். வழிகாட்டி என் கையைக் குலுக்கி, அடுத்த சீசனுக்கு ஆள் தேவைப்படும் என்று மெல்லச் சொன்னான். கயலிடம் இதையெல்லாம் தனம் சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆனது, நடிப்போடு சொன்னதால்.

அன்றிலிருந்து வீட்டில் எதையும் புக் செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. கயல் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனபோதுகூட, "போட்டோவ அப்பா கிட்ட காட்டாத, நேர்ல பாத்துக்கலாம்" என்றுதான் பேச்சு. போன மாதம் கயலும் மாப்பிள்ளையும் ஏதோ ஒரு தீவுக்குக் கிளம்பினார்கள். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் பார்த்த ஜன்னலில் கயல்.

"எந்த டிரிப்பு போறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் அவரே பாத்து புக் பண்ணிட்டாருப்பா. சூப்பரா இருக்குமாம்."

மாப்பிள்ளை பெருமையாக எட்டிப் பார்த்து, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீலமும் ரோஜாவுமாகத் தண்ணீர். மேலிருந்து எடுத்த படம்.

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்தது. தனம் இரண்டு எட்டு கூடவே நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துச் சொன்னாள்:

"எறங்குன உடனே வாய்க்கா எந்தப் பக்கம் போவுதுன்னு மொதல்ல பாத்து வெச்சிக்கோ!"