ஒரு கட்டை இறக்கிப் பாடவும்

பாடுகிறவர்கள் உண்டு, வாசிக்கிறவர்கள் உண்டு, இரண்டும் தெரியாமல் மேசையில் தாளம் போட்டுப் பக்கத்தில் இருப்பவரின் உயிரை வாங்குகிறவர்களும் உண்டு. இவர்கள் எவரோடும் சேராத தனிப்பிறவி ஒருவர் இருக்கிறார். அவர்தான் மலிவான பழைய கிதார் வாங்குகிறவர். நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருக்கிறீர்கள். பழைய சாமான் கடையில், ஓடாத மின்விசிறிகளுக்கும் கால் போன நாற்காலிகளுக்கும் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கிதாரின் வயிற்றை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, அதன் ஓட்டைக்குள் மூக்கை நுழைத்து ஒரு இழுப்பு இழுத்து, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்து, பிறகு கடைக்காரர் காதில் விழாதபடி பெருமூச்சு விடுகிற மனிதர் வேறு யார் என்று நினைத்தீர்கள்? டாக்டரா? டாக்டர்கள் இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை.

‘மலிவான’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. விலை உயர்ந்த பழைய கிதாரைக் காசு இருக்கிற எவனும் வாங்கிவிடுவான். அதில் என்ன பெருமை? ஒரு காலத்தில் சாதாரண ஜனங்களும் வாசிக்கட்டும் என்று தொழிற்சாலைகள் வண்டி வண்டியாகச் செய்து தள்ளிய கிதார்கள், செய்தவர் பெயர்கூட அழிந்துபோனவை, யாரோ ஒருவரின் பெல்ட் உரசி முதுகு தேய்ந்தவை, யாரோ ஒருவர் காதலியின் பெயரை ஆணியால் கீறி, பிறகு மனம் மாறி அதே ஆணியால் அடித்துவிட்டவை, இவற்றுக்குள் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுக்கத் தனிக் கண் வேண்டும். அந்தக் கண் உலகத்திலேயே தனக்குத்தான் இருக்கிறது என்று இவர் நம்புகிறார். இந்த இனத்தில் எல்லோருமே அப்படித்தான் நம்புகிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் கடைக்குக் கண்ணாடி மாற்றப் போனவர்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள்.

“சார், மூணாவது வரி சுத்தமா தெரியல.”

“அது கிடக்கட்டும். இதைக் கேளுங்க.” ஒரு கிதாரை எடுத்து நான்கு கம்பிகளைத் தட்டுவார். “எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு சார்.”

இன்னொரு கிதார். “இப்ப?”

“இதுவும் நல்லாருக்கு.”

“என்ன சார் நீங்க! அது சத்தம் போடுது. இது பேசுது. வித்தியாசம் தெரியலையா?”

கண்ணில் கோளாறு என்று வந்தவர், காதிலும் கோளாறு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்புவார்.

வீட்டு நிலவரம் இதைவிட விசேஷம். சோபாவுக்குப் பின்னால் இரண்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று, விருந்தாளி படுக்கிற கட்டிலில் போர்வை போர்த்தி மூன்று. விருந்தாளிகள் தரையில் படுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு மரம் வளைந்துவிடும் என்ற பயம் இல்லை. மழை பெய்தால் இந்த மனிதர் ஜன்னலைச் சாத்த ஓடுவார், மொட்டை மாடியில் துணி காய்கிறதே என்று யாராவது சொன்னால், “துணி நனைஞ்சா காயும். மரம் நனைஞ்சா?” என்று கேட்பார். அதற்குள் அவருடைய மனைவி மாடிக்கு ஓடியிருப்பார்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேலி செய்கிற நாமே கொஞ்சம் அசந்துபோகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கிதார்களில் ஒன்றை மடியில் சாய்த்துக்கொண்டு அவர் வாசிக்க ஆரம்பித்தால், அடடா! புதுக் கிதாரில் இருக்கிற பளபளப்பெல்லாம் அதில் இல்லை. காய்ந்த மரத்தின் சத்தம்; அடுத்த அறையில் நமக்கு வேண்டியவர் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். கையில் எடுத்தால் எடையே இல்லை, கம்பியைத் தொட்டால் நெஞ்சில் வந்து அதிரும். அடுப்பில் பால் பொங்குவதையும் மறந்து அவர் மனைவி கதவருகே நின்றுவிடுவார். சரியாக அப்போதுதான், பாட்டு சூடு பிடிக்கிற அந்த நிமிஷத்தில்தான், வாசிப்பது நின்றுவிடும்.

“ஒரு நிமிஷம், இதையே அந்தச் சின்னதுல வாசிச்சா எப்படி இருக்கும்னு பார்க்கறேன்.”

சின்னதில் நாலு அடி. பிறகு பெரியதில் நாலு அடி. முதலிலிருந்து முடிவுவரை ஒரு பாட்டை அந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வார்டில் சலைன் பாட்டிலை மாற்றும்போதும் கட்டுப் பிரிக்கும்போதும் வாய்க்குள்ளேயே ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். வலி மறந்து நோயாளிகள் கேட்பார்கள். வாய் திறந்து, மேடையில் நின்று, ஒரு தடவைகூடப் பாடியதில்லை. ஓய்வுபெறும் மாதம் வந்தது. பிரிவு உபசார விழாவில் ஒரு பாட்டுப் பாடியே தீரவேண்டும் என்று வார்டுப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தார், கைப்பையைக்கூட வைக்காமல் கணவர் முன்னால் நின்றார்.

“என்னங்க, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் பெரிசா கேட்டதில்ல.”

கண்ணாடிக்காரர் பயந்துபோய்க் கட்டிலில் இருந்த மூன்றையும் பார்த்தார். “விக்கச் சொல்றியா?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல. நான் பாடப்போறேன். நீங்க பக்கத்துல உக்காந்து வாசிக்கணும். கல்யாணமான புதுசுல நாம பாடுவோமே, அந்தப் பாட்டு. ஆனா ஒண்ணு, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் வாசிக்கணும். நடுவுல எந்திரிச்சு வேற கிதார் எடுக்கப் போகக்கூடாது.”

“இதென்ன பிரமாதம்!” என்றார் அவர்.

மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதனால்தான் மறுநாளே கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, அந்தப் பாட்டுக்கு ஏற்ற கிதாரைத் தேடிக் கிளம்பினார். இருப்பதில் ஒன்றை எடுத்துப் பழகினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் இந்த இனம் இல்லை, அதனால் கேட்கிறீர்கள். மூன்று வாரம் தேடி, வீடு காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடமிருந்து, அட்டைப்பெட்டிகளுக்குள் கிடந்த ஒரு பழுப்புக் கிதாரை மீட்டுக்கொண்டு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான கிதார். கீழ்க் கம்பியைத் தொட்டால் தொண்டை கட்டிய பாடகன் மாதிரி ஒரு குரல்.

முதல் ஒத்திகையிலேயே வம்பு வந்தது. மனைவி பாட வாயெடுத்தார். எடுத்த குரலுக்குக் கிதாரின் சுருதி ஒரு முழுக் கட்டை கீழே நின்றது.

“கொஞ்சம் ஏத்துங்க.”

“ஏத்தக் கூடாதும்மா. இதுல அந்தக் காலத்துப் பசை. கம்பியை இழுத்துக் கட்டினா இந்த பிரிட்ஜ் இருக்கு பாரு, கம்பியெல்லாம் புடிச்சுக்கிட்டிருக்கிற மரத்துண்டு, அது அப்படியே பிடுங்கிட்டு வந்துடும். விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரு கட்டை இறக்கித்தான் வச்சிருப்பாங்க. நீ கொஞ்சம் கீழ எறங்கிப் பாடேன்.”

“கீழ போனா எனக்கு குரலே வரமாட்டேங்குதே.”

“பழகினா வரும். பாவம், இதுக்கு வயசாயிடுச்சு.”

“எனக்கு வயசாகலையா?”

இரவுச் சாப்பாட்டுக்கு ஆபத்து என்று கண்டு, கண்ணாடிக்காரர் அவசரமாகக் கிதாரைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து மனைவி கீழே இறங்கிப் பாடப் பழகினார். குளியலறையில் பழகினார், பஸ் நிறுத்தத்தில் பழகினார். முடியவில்லை. கடைசியில் தன் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி எலக்ட்ரீஷியன், விழாவுக்கு மைக் கட்டுவதும் அவன்தான்.

“டேய், உன் போன்ல மியூசிக் மட்டும் போட்டா நான் பாடிக்கலாமா?”

“தாராளமா பாடலாம்க்கா. எந்தச் சுருதி வேணுமோ அதுல ஓடும். கோவிச்சுக்காது, ஜன்னலும் சாத்த வேணாம்.”

அவ்வளவுதான், வந்துவிட்டது கோபம் கண்ணாடிக்காரருக்கு. “நான் உயிரோட இருக்கறப்ப என் பொண்டாட்டி போனை வச்சுக்கிட்டுப் பாடறதா? ஏத்தறேன். விழாவுக்கு முன்னாடி கட்டாயம் ஏத்திடறேன். போதுமா மச்சான்?”

மனைவியின் முகம் மலர்ந்தது. தம்பி மட்டும், “மாமா சொன்னா சொன்னதுதான்” என்று சொல்லிவிட்டு அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஏற்றினாரா? திங்கட்கிழமை காற்றில் ஈரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை வெயில் அதிகம். புதன்கிழமை இரண்டும் இல்லை, ஆனால் புதன்கிழமை மட்டும் எதற்கு என்று தோன்றியது. விழா நாள் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி கேன்டீனில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், லிஃப்ட்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், குணமாகி வீட்டுக்குப் போன நோயாளிகள்கூடச் சிலர். பட்டுப்புடவையில் அந்த அம்மாள் மைக் முன்னால் வந்து நின்றபோது ஏற்பட்ட கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. கண்ணாடிக்காரர் பக்கத்தில் அமர்ந்து கிதார்க் கம்பியைத் தட்டினார். மனைவி திரும்பிப் பார்த்தார். ஒரு கட்டை கீழே. சொன்னபடி செய்யவில்லை.

அந்த அம்மாள் பாவம், முயன்று பார்த்தார். முதல் அடி காற்றாக வந்தது. இரண்டாவது அடி வரவே இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் கையிலிருந்த காப்பிக் கோப்பையை ஆராய்ந்தார்கள். அவர் நிறுத்தினார். குனிந்து, மைக்கில் விழாதபடி, “ஏத்துங்க” என்றார்.

கண்ணாடிக்காரர் ஒரு திருகைத் திருகினார். மரம் ‘கிர்ர்’ என்றது. கை நின்றுவிட்டது. திருகையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார்.

எத்தனை வருஷமாகக் கேட்ட ‘ஒரு நிமிஷம்’ அது! மனைவி நிமிர்ந்துகொண்டார். கூடத்தைப் பார்த்தார். தனியாக, தன் சுருதியில், முதலிலிருந்து ஆரம்பித்தார். கிதாரும் இல்லை, போனும் இல்லை. வார்டில் வாய்க்குள்ளேயே கிடந்த குரல் கேன்டீன் கூரையைப் போய்த் தொட்டது. ஆம்புலன்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மாள் கிதாரைக் கட்டிப் பிடித்தபடி, மேடையிலேயே, கடைசி வரி வரைக்கும் ரசிகராக உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டு முழுசாக இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

திரும்பும்போது வண்டியில் கண்ணாடிக்காரர், “நல்லவேளை, ஒண்ணும் ஆகல” என்றார்.

“எதுக்கு?” என்றார் மனைவி.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிதாரை எடுத்து மடியில் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகைத் திருகினார். கண்ணை மூடிக்கொண்டு அடுத்தது. ஆறும் ஏறின. பிரிட்ஜ் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. தட்டினார். அம்மாடி! தொண்டை கட்டியிருந்த கிதார் வாய் திறந்து பாடியது. இது தாங்கும், எப்போதுமே தாங்கியிருக்கும். துள்ளிக் குதித்து உள்ளே ஓடினார். மனைவி புடவையை மடித்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாரேன், ஏத்திட்டேன்! உன் சுருதிதான்! ஒண்ணுமே ஆகல, அழகா தாங்குது!”

மனைவி நின்று, நிதானமாகக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆனா பாட்டு முடிஞ்சுபோச்சுங்க.”

என்ன, சிரிப்பு வருகிறதா? வரட்டும். உங்களிடம் கிதார் கிடையாது, நீங்கள் தப்பித்தீர்கள். ஆனால் அலமாரியில் யாரும் காப்பி குடிக்காத அந்தப் பீங்கான் கோப்பைகள், வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை கழற்றாத அந்தச் சோபா, குடும்பமே மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உறை போர்த்திப் பத்திரமாக நிற்கிற அந்தக் கார், இவை யார் வீட்டில் இருக்கின்றன? எனக்குச் சொல்ல வேண்டாம். இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் சிரித்தால் கவலையில்லை. யாராவது ஒருவர் சிரிக்காமல் உங்களையே பார்த்தால், எழுந்து போய் முதலில் அந்த உறையைக் கழற்றுங்கள்.